ஐநூறு பவுண்டும் பறிபோன வீடும்: பழைய இங்கிலீஷ் நாவல் கதாநாயகிங்க ஏன் வேலைக்குப் போகல?

ஜேன் ஆஸ்டன், பிராண்டே சிஸ்டர்ஸ், தாமஸ் ஹார்டி இவங்க நாவல் எதையாவது மறுபடி படமாவோ சீரிஸாவோ எடுக்கப்போறாங்கன்னு அறிவிப்பு வரும்போதெல்லாம் ரெண்டு கேள்வி தவறாம வரும். ஒண்ணு, "இது மாப்பிள்ளை பிடிக்கிற கதைதானே, இதையே எத்தனை தடவைதான் எடுப்பாங்க?" இன்னொண்ணு, "இவ்ளோ பெரிய வீட்டுல இருக்காங்க, வேலைக்காரங்க வேற இருக்காங்க, அப்புறமும் காசு இல்லன்னு அழறாங்களே, ஒரு வேலைக்குப் போனா என்ன?" ரெண்டுமே நியாயமான கேள்விதான், ஏன்னா பல படங்கள் இதுக்குப் பதிலே சொல்றதில்ல. நாவல்ல பதில் இருக்கு. பவுண்டு, ஷில்லிங்னு அப்படியே கணக்கா எழுதி வச்சிருக்காங்க. ஆனா வட்டிக் கணக்கை கேமராவுல காட்டுறது கஷ்டம், அதனால படம் நைசா பால்ரூம் டான்ஸ், பச்சைப்பசேல் புல்வெளி, மழையில நனையுற ஹீரோன்னு அந்தப் பக்கம் போயிடுது. ஸோ முதல்ல கணக்கைப் பாத்துடலாம், அப்புறம் எந்தப் படம் அந்தக் கணக்கை என்ன பண்ணுச்சுன்னு பாக்கலாம்.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டிய அஞ்சு விஷயம்

1. என்டெயில். ஒரு எஸ்டேட் துண்டு துண்டா பிரியக்கூடாது, ஆண் வாரிசு வழியா மட்டும்தான் போகணும்னு முன்னாடி தலைமுறையே எழுதிக் கட்டிப் போட்டு வச்சிடுற ஏற்பாடு இது. இப்ப அந்த வீட்டுல இருக்குறவர் வருமானத்தை அனுபவிக்கலாம், அவ்ளோதான், விக்கவும் முடியாது, பொண்ணுங்க பேருல எழுதி வைக்கவும் முடியாது. 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவல்ல பென்னட்டுக்கு வருஷம் 2,000 பவுண்டு வருமானம், அஞ்சு பொண்ணு, பையன் கிடையாது. அவர் கண்ணை மூடுன நிமிஷம் வீடு, நிலம் எல்லாம் காலின்ஸ்ங்கிற தூரத்து சொந்தக்காரருக்குப் போயிடும். வீடு பெருசா இருந்தும் அவங்க ஏன் பயப்படுறாங்கங்கிறதுக்கு இதுதான் பதில், அந்த வீடு அவங்களோடது இல்ல.

2. வட்டி. நிலம் இல்லாதவங்க கையில இருக்குற மொத்தத் தொகையை அரசாங்கக் கடன் பத்திரம் மாதிரி எதுலயாவது போட்டு வர்ற வட்டியில வாழ்ந்தாங்க, பொதுவா நாலு இல்லன்னா அஞ்சு பர்சென்ட். அதனாலதான் அந்தக் கதைகள்ல ஒரு ஆளை அறிமுகப்படுத்தும்போதே "வருஷத்துக்கு இவ்வளவு"ன்னு சொல்றாங்க, அதே நாவலோட ஹீரோ டார்சின்னா வருஷம் 10,000, அந்த மாதிரி.

3. கவர்ச்சர். நம்ம கவர்ச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கல்யாணம் ஆன பொண்ணுக்குச் சட்டத்துல தனி ஆள்னு ஒரு இடமே கிடையாது, அவ புருஷனுக்குள்ள அடக்கம். அவ கொண்டு வந்த காசும் அவ சம்பாதிக்கிற காசும் அவனோடது. பெரிய இடத்துப் பொண்ணுங்களுக்கு அப்பா வக்கீலை வச்சு தனி ஏற்பாடு பண்ணித் தருவாரு, மத்தவங்களுக்கு அதுவும் இல்ல. சம்பாதிச்சதைப் பொண்டாட்டியே வச்சுக்கலாம்னு சட்டம் வந்தது 1870ல, சொத்தையும் தன் பேருல வச்சுக்கலாம்னு வந்தது 1882ல. இங்க நாம பேசப்போற நாவல்கள்ல முக்கால்வாசி அதுக்கு முன்னாடி வந்தது.

4. கவர்னஸ். படிச்ச, ஆனா காசு இல்லாத நடுத்தரக் குடும்பத்துப் பொண்ணுக்கு "கௌரவமான" வேலைன்னு கிட்டத்தட்ட இது ஒண்ணுதான், பணக்காரங்க வீட்டுல தங்கி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றது. சாப்பாடு, படுக்கை உண்டு, சம்பளம் ரொம்பக் கம்மி. சார்லட் பிராண்டே 1841ல ஒரு வீட்டுல வேலை பாத்தப்போ பேருக்கு வருஷம் 20 பவுண்டு, அதுல துணி துவைக்கிற செலவு புடிச்சுக்கிட்டு கையில 16. வேலைக்காரங்களோட உக்காந்து சாப்பிட முடியாது, முதலாளி குடும்பத்தோடயும் முடியாது. வயசாகி வேலை போனா அடுத்த வேளைக்கு என்னங்கிறது பெரிய பிரச்சினை, அதுக்காகவே லண்டன்ல 1843ல கவர்னஸ் உதவிச் சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

5. ஒர்க்ஹவுஸ். இதுக்கும் கீழ போனா கடைசி இடம் இது. 1834 ஏழைகள் சட்டத்துக்கு அப்புறம் உதவி வேணும்னா இந்தக் கட்டிடத்துக்குள்ள போகணும், புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைங்க இன்னொரு பக்கம். அதே சட்டத்துல, கல்யாணம் ஆகாம பிறந்த குழந்தையைக் காப்பாத்துற பாரம் மொத்தமும் அம்மா தலையிலன்னு வேற வச்சாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, "ஏன் வேலைக்குப் போகல"ங்கிற கேள்வியே மேல்தட்டுப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான். ஏழை வீட்டுப் பொண்ணுங்க பால் கறந்துக்கிட்டும், வயல்ல கிழங்கு தோண்டிக்கிட்டும், மில்லுல நின்னுக்கிட்டும் எப்பவுமே வேலை பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஆஸ்டன் கதைகள்ல பிழைக்கிறதுன்னா இருக்குற படியிலேருந்து கீழ விழாம இருக்கிறது, ஹார்டியில பிழைக்கிறதுன்னா நேரடியா சோறு, கூரை. ரெண்டையும் ஒரே மாதிரி அழகழகான காஸ்ட்யூம்ல எடுத்துடுறதாலதான் நமக்கு பாதிக் குழப்பம்.

3,000 பவுண்டு எப்படி மீன் ஆச்சு

எடுத்த உடனே 1811ல வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'க்கு போகலாம், ஏன்னா கணக்கு இவ்வளவு வெளிப்படையா வேற எங்கயும் இல்ல. பழைய பெரியவர் ஒருத்தர் எழுதி வச்ச உயிலால நார்லண்ட் எஸ்டேட் மூத்த தாரத்துப் பையன் ஜானுக்கும் அவனோட நாலு வயசுப் பையனுக்கும் போற மாதிரி ஆயிடுது. ரெண்டாவது மனைவிக்கும் மூணு பொண்ணுங்களுக்கும் சேத்து மிஞ்சுறது மொத்தமே 10,000 பவுண்டு, அஞ்சு பர்சென்ட் வட்டின்னா வருஷம் 500. சாகப்போற அப்பா, தங்கச்சிங்களைப் பாத்துக்கோடான்னு ஜான்கிட்ட வாக்கு வாங்குறாரு. ஜானும் நல்ல மனசோட ஆளுக்கு ஆயிரம்னு 3,000 குடுத்துடலாம்னு நினைக்கிறான்.

அப்புறம் ரெண்டாவது அத்தியாயம், முழுக்க அவன் பொண்டாட்டி ஃபேனி பேசுறது. நம்ம பையன் சொத்தை அள்ளிக் குடுப்பீங்களா, வேற அம்மாவுக்குப் பொறந்த தங்கச்சிங்கதானேன்னு ஆரம்பிச்சதும் ஆயிரம் ஐநூறாகுது. அப்ப அதுவும் வேண்டாம், அம்மாவுக்கு வருஷம் 100 குடுக்கலாம்னா, அய்யய்யோ வருஷா வருஷம் குடுக்குற ஏற்பாடுன்னா வாங்குறவங்க சாகவே மாட்டாங்கங்கிறா. சரி, எப்பவாவது ஒரு 50. கடைசியில வீடு மாத்தும்போது சாமான் ஏத்திவிட்டு, சீசன்ல மீனும் வேட்டைக் கறியும் குடுத்தனுப்புனா போதும், அப்பாவும் அதைத்தான் மனசுல வச்சிருப்பாருன்னு முடியுது. போதாததுக்கு அவங்க எடுத்துட்டுப் போற பீங்கான் தட்டு நம்மளோடதை விட நல்லா இருக்கேன்னு வேற ஒரு வருத்தம்! சொத்து தகராறு பாத்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பேச்சு புதுசு இல்ல, யாரும் குரல் உசத்தல, யாரும் வில்லன் மாதிரி சிரிக்கல, ஆனா நாலு பேர் வாழ்க்கை ஒரு உரையாடல்ல தரையில இறங்கிடுச்சு.

1995ல ஆங் லீ எடுத்த படத்துல இதை எப்படி பண்ணாங்கங்கிறதுதான் விஷயம். திரைக்கதை எழுதுனது மூத்த பொண்ணு எலினாரா நடிச்ச எம்மா தாம்சன், அதுக்கு ஆஸ்கரும் வாங்குனாங்க (நடிப்புக்கும் எழுத்துக்கும் ஆஸ்கர் வாங்குன ஒரே ஆள் அவங்கதான்). அந்த ஒரே உரையாடலைத் துண்டு துண்டா வெட்டி, வீட்டுல கொஞ்சம், பயணத்துல கொஞ்சம்னு பிரிச்சுப் போட்டாங்க. வண்டி நார்லண்டை நெருங்க நெருங்க தொகை குறையுது, வந்து இறங்கும்போது தங்கச்சிங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு அத்தியாயம் சில நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு, கணக்கும் மாறாம அப்படியே இருக்கு.

அப்புறம் வருஷம் 500ங்கிற நம்பரை எப்படிக் காட்டுறது? டெவன்ஷயர் குடிசை வீட்டுக்கு வந்ததும் எலினார் செலவு நோட்டைப் பாத்து மாட்டுக்கறியை நிறுத்தணும்ங்கிறா, ஏற்கனவே சர்க்கரையை நிறுத்தியாச்சு இப்ப கறியுமான்னு அம்மா கேக்குறாங்க, ஒரு பவுண்டு எடைக் கறி பத்து பென்னிக்குக் கீழ எங்கயும் கிடைக்கலன்னு பதில். நாவல்ல இந்த வசனம் கிடையாது, ஆனா நாவலோட கணக்கு இதுதான். அதே மாதிரி எலினாரும் அவ விரும்புற எட்வர்டும் குதிரையில போற சீன்ல, எனக்கு செய்ய வேலை இல்லன்னு அவன் அலுத்துக்கிட்டு நம்ம ரெண்டு பேர் நிலைமையும் ஒண்ணுதான்னு சொல்ல, இல்ல, உனக்கு சொத்து தானா வந்துடும், எங்களால சம்பாதிக்கக்கூட முடியாதுங்கிற மாதிரி அவ ஒரு வார்த்தை சொல்லுவா. இதுவும் நாவல்ல இல்ல. ஆஸ்டனோட வாசகர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, நமக்குச் சொன்னாதான் தெரியும், அதனால சேத்தாங்க. நாவலுக்கு விசுவாசமா எடுத்தாங்களான்னு பேசும்போது பலரும் எந்த சீனை வெட்டுனாங்கன்னுதான் எண்ணுறாங்க, ஆனா இந்த மாதிரி புதுசா சேத்த ரெண்டு வரி வெட்டாத பத்து சீனை விட நாவலுக்கு நெருக்கமா இருக்கும்ங்கிறது என் எண்ணம்.

இருபத்தேழு வயசு

'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'ல (1813) காலின்ஸ் பென்னட்டோட ரெண்டாவது பொண்ணு எலிசபெத்கிட்ட கல்யாணம் கேக்குற சீனை எல்லா வெர்ஷன்லயும் காமெடியா எடுப்பாங்க, காமெடிதான். ஆனா அதுக்குள்ள அவர் ஒரு கணக்கைச் சொல்லுவாரு: உனக்கு வரப்போறது நாலு பர்சென்ட் பத்திரத்துல இருக்குற 1,000 பவுண்டு, அதுவும் உங்கம்மா காலத்துக்கு அப்புறம்தான். அதாவது வருஷம் 40 பவுண்டு. அந்த ஆளை வேண்டாம்னு சொன்னா அவ தூக்கிப் போடுறது இந்த 40க்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல இருக்குற மொத்த வித்தியாசத்தை. இது புரிஞ்சாதான் அவங்கம்மா ஏன் கத்துறாங்கன்னு புரியும். படங்கள்ல அந்த அம்மாவை வெறும் லூசா காட்டிடுறாங்க, உண்மையில அந்த வீட்டுல வரவு செலவு யோசிச்சுப் பயப்படுற ஒரே ஆள் அவங்கதான். (யோசிக்கிற விதம் சரியில்லங்கிறது வேற விஷயம்.)

எலிசபெத் வேண்டாம்னு சொன்ன அதே காலின்ஸை அவ ஃப்ரெண்ட் சார்லட் லூகஸ் கட்டிக்கிறா. வயசு 27, அழகு இல்ல, காசு இல்ல. வறுமை வராம தடுக்க இருக்குறதுலயே கொஞ்சம் தேவலையான வழி கல்யாணம்ங்கிற கணக்குதான் அவளோடது. இதை ஆஸ்டன் சும்மா எழுதல. 1802 டிசம்பர்ல ஹாரிஸ் பிக்-விதர்ங்கிற பெரிய எஸ்டேட் வாரிசு ஆஸ்டனைக் கேட்டாரு, அவங்க சரின்னாங்க, ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு காலையில வேண்டாம்னுட்டாங்க. அப்ப அவங்களுக்கு 27 முடிய ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. மூணு வருஷத்துல அப்பா போயிட்டாரு, அப்புறம் அண்ணன் தம்பிங்க குடுக்குறதுல அம்மாவும் பொண்ணுங்களும் வீடு வீடா மாறி, 1809ல ஒரு அண்ணன் குடுத்த சாட்டன் வீட்டுல வந்து நின்னாங்க. பின்னாடி உலகமே படிக்கப்போற 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' உரிமையை அவங்க வித்தது 110 பவுண்டுக்கு.

இதை மூணு வெர்ஷன் மூணு விதமா கையாண்டுச்சு.

1. 1940 ஹாலிவுட் படம். கிரீர் கார்சன், லாரன்ஸ் ஒலிவியர். துணிமணி எல்லாம் சில பத்தாண்டு தள்ளிப்போன ஃபேஷன், பாதிரியாரைக் கேலி பண்ணக்கூடாதுங்கிற சென்சார் கோடுக்குப் பயந்து காலின்ஸை லைப்ரரியன் ஆக்கிட்டாங்க, மிரட்டுற லேடி கேத்தரின்கூட கடைசியில நல்லவங்க ஆயிடுறாங்க. பயம்ங்கிறதே இல்லாத ஒரு ஜாலி குடும்பப் படம்.

2. 1995 பிபிசி சீரிஸ், ஆறு எபிசோட், ஆண்ட்ரூ டேவிஸ் எழுதுனது. நேரம் நிறைய இருக்குறதால என்டெயில், வருமானம் எல்லாம் வசனத்துலயே வந்துடும். ஆனா ஜனங்க ஞாபகம் வச்சிருக்குறது காலின் ஃபர்த் குளத்துல குதிச்சதை, அது நாவல்லயே கிடையாது.

3. 2005 ஜோ ரைட் படம். ரெண்டு மணி நேரம்தான், ஆனா சார்லட்டுக்கு ஒரு சீன் குடுத்தாங்க. ஊஞ்சல்ல உக்காந்திருக்குற எலிசபெத்கிட்ட வந்து எனக்கு 27 ஆச்சு, காசு இல்ல, எதிர்காலம் இல்ல, அப்பா அம்மாவுக்கு பாரமா இருக்கேன், பயமா இருக்குன்னு வெடிச்சுட்டுப் போவா. பயமா இருக்குங்கிற அந்த வார்த்தையை நாவல்ல சார்லட் சொல்ல மாட்டா, அங்க ரொம்ப நிதானமா பேசுவா. என்னைக் கேட்டா நாவல்ல இருக்குற நிதானம்தான் இன்னும் கொடுமை, ஆனா சினிமாவுல நிதானமா நின்னா அவ சந்தோஷமா இருக்கான்னு நினைச்சுடுவோம், அதனால ரைட் பண்ணது சரிதான்.

ஜேன் ஏர் பட்டினி கிடந்த நாட்கள் எங்க போச்சு

1847ல வந்த 'ஜேன் ஏர்' பேரைச் சொன்னா உடனே மாடியில பூட்டி வச்ச மனைவி, ஜேனோட முதலாளியும் காதலனுமான ராச்செஸ்டர், தீ இதுதான் ஞாபகம் வரும். ஆனா நாவலோட 28ஆவது அத்தியாயம் வேற. கல்யாணம் நின்னுபோய் ராத்திரியோட ராத்திரியா கிளம்பி வந்தவகிட்ட இருந்த 20 ஷில்லிங் கோச் வண்டிக்கே சரியாப் போச்சு, துணி மூட்டையை வண்டியிலயே மறந்துட்டா. நாலு ரோடு பிரியுற மேட்டுல இறங்கி, வெட்டவெளியில தூங்கி, பக்கத்து ஊர்ல வேலை கேட்டு, ஒண்ணும் நடக்காம, கழுத்துல இருந்த கர்ச்சீப்புக்கு ஒரு ரொட்டி தருவீங்களான்னு கடையில கேக்குறா. இதை எங்கிருந்து எடுத்தியோன்னு கடைக்காரி வாங்க மாட்டேங்கிறா. கடைசியில பன்னிக்குக் கொட்டப்போன ஆறிப்போன கஞ்சியை ஒரு சின்னப் பொண்ணுகிட்ட கேட்டு வாங்கிக் குடிக்கிறா. கவர்னஸ் வேலையில வருஷம் 30 பவுண்டு சம்பளம் வாங்குன படிச்ச பொண்ணு சில நாள்ல வந்து நின்ன இடம் இது.

இந்தப் பகுதி ஏன் முக்கியம்னா, இதுக்கப்புறம்தான் அவ கிராமத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர் ஆகுறா, அப்புறம் சித்தப்பா சொத்து 20,000 பவுண்டு வருது, அதை நாலா பிரிச்சு ஆளுக்கு 5,000னு சொந்தக்காரங்களுக்கும் குடுக்குறா. திரும்பி ராச்செஸ்டர்கிட்ட போகும்போது என் காலுல நான் நிக்குறேன்னு சொல்லிட்டுதான் உள்ள வர்றா. பசியும் சொத்தும் இல்லாம அந்தக் கடைசிக் காட்சியை எடுத்தா, ஓடிப்போன வேலைக்காரப் பொண்ணு முதலாளிகிட்ட திரும்பி வந்த கதையா சுருங்கிடும்.

ஜோன் ஃபான்டெயின், ஆர்சன் வெல்ஸ் நடிச்ச 1943 படத்துல அதுதான் நடந்துச்சு, பட்டினி, டீச்சர் வேலை ரெண்டுமே அதுல இல்ல, ராச்செஸ்டர் வீட்டைச் சுத்தியே படம் முடிஞ்சுடும். கேரி ஃபுகுனாகா 2011ல இதைத் தலைகீழா பண்ணாரு, படம் ஆரம்பிக்கிறதே ஜேன் வெட்டவெளியில அழுதுக்கிட்டு மழையில ஓடுறதுலதான், மத்த கதையெல்லாம் பின்னோக்கிப் போய்தான் வருது. கதையோட நடுவுல வந்தா இழுவைன்னு வெட்டப்படுற பகுதியை முதல்ல தூக்கி வச்சுட்டாரு, இனிமே எடிட்டர் நினைச்சாலும் வெட்ட முடியாது! தமிழ்லயும் இதே நாவலை வச்சு 1969ல 'சாந்தி நிலையம்' வந்துச்சு, காஞ்சனா, ஜெமினி கணேசன், ஆனா அதுல நமக்கு ஞாபகம் இருக்குறது அந்தக் குழந்தைங்களும் பாட்டும்தான்.

ஓடிவந்தவ சட்டப்படி குற்றவாளி

ஆன் பிராண்டே 1848ல எழுதுன 'த டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' கொஞ்சம் கம்மியாவே பேசப்படுது. ஹெலன் குடிகாரப் புருஷனை விட்டுட்டு சின்னப் பையனோட ஓடிவந்து வேற பேருல, படம் வரைஞ்சு வித்துப் பிழைக்கிறா. கதை நடக்குற 1820கள்ல குழந்தை மேல அம்மாவுக்கு எந்தச் சட்ட உரிமையும் கிடையாது, ஏழு வயசுக்குள்ள இருக்குற குழந்தையைக் கேட்டு அம்மா கோர்ட்டுக்குப் போகலாம்னு வந்ததே 1839ல. வித்த படத்தோட காசும் புருஷனோடது. ஸோ அவ பண்ணுறது தன் பிள்ளையைத் திருடுறது, தன் சம்பளத்தைத் திருடுறது. புருஷன் அவ டைரியைப் படிச்சு திட்டத்தைக் கண்டுபிடிச்சு வரையுற பொருளையெல்லாம் நெருப்புல போடுறது ஏன் அவ்ளோ பெரிய சீன்னு இப்பப் புரியும், அவன் எரிக்கிறது அவ பிழைப்பை. 1996ல டாரா ஃபிட்ஸ்ஜெரால்ட் நடிச்ச பிபிசி சீரிஸ் இருக்கு, முடிஞ்சா பாருங்க.

டெஸ்: குதிரை செத்த அன்னைக்கே முடிஞ்ச கதை

ஹார்டியோட 'டெஸ் ஆஃப் த டர்பர்வில்ஸ்' (1891) பத்தி பேசுனா எல்லாரும் கற்பு, பழி, ஆண்களோட ரெட்டை வேஷம்னு போவாங்க, அதெல்லாம் இருக்கு. ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் காசு எங்க இருக்குன்னு பாத்தா கதை வேற மாதிரி தெரியும்.

1. அப்பன் குடிச்சுட்டுப் படுத்துட்டதால ராத்திரியில தேன்கூட்டுப் பெட்டிங்களை ஏத்திக்கிட்டு சந்தைக்கு டெஸ் வண்டி ஓட்டுறா, கண் அசந்துடுறா, எதிர்ல வந்த தபால் வண்டியோட ஏர்க்கால் குதிரை நெஞ்சுல பாஞ்சுடுது. ரத்தம் பீய்ச்சுற ஓட்டையை அவ கையால அடைக்கப் பாக்குறா. வீட்டோட ஒரே வருமானம் அந்தக் குதிரை. நான்தானே கொன்னேன்ங்கிற குற்ற உணர்ச்சியிலதான் பணக்கார "சொந்தக்காரங்க" வீட்டுக்குப் போக ஒத்துக்கிறா, அங்கதான் அவ வாழ்க்கையைக் கெடுக்கப்போற அலெக் இருக்கான்.

2. புருஷன் ஏஞ்சல் விட்டுட்டுப் போன அப்புறம் அவன் ஏற்பாடு பண்ண காசு 30 பவுண்டு வருது, அம்மா வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு லெட்டர் வர, அதுல 20 அங்க போயிடுது. மிச்சம் கரைஞ்சதும் ஃப்ளின்ட்கூம்ப்-ஆஷ்ங்கிற கல்லுக்காட்டுல, மழையில, உறைபனியில கிழங்கு தோண்டுற கூலி வேலை, அப்புறம் நீராவியில ஓடுற கதிரடிக்கிற மெஷின் மேல நாள் முழுக்க நிக்கிற வேலை.

3. கடைசி அடி இதுதான், இது பலருக்குப் புரியாத இடமும்கூட. அவங்க வீட்டு குத்தகை மூணு ஆயுசுக்குன்னு எழுதுனது, அதாவது பேரு குறிச்ச மூணு பேர் உயிரோட இருக்குற வரைக்கும்தான் செல்லும். அப்பன்தான் மூணாவது ஆள். அவன் சாகுறான், வீடு போச்சு. ஏப்ரல் 6, அந்த ஊர்ல கூலிக்காரங்க எல்லாம் இடம் மாறுற நாள், விதவை அம்மாவையும் பிள்ளைங்களையும் கட்டில் சட்டியோட வண்டியில ஏத்திக்கிட்டு கிங்ஸ்பியர் வந்தா பேசி வச்ச அறையை வேற ஆளுக்கு விட்டாச்சு. சர்ச் சுவர் ஓரமா கட்டிலைப் போடுறாங்க. உள்ள அவங்க முன்னோர்கள் கல்லு சமாதியில வசதியா படுத்திருக்காங்க, வெளிய இந்தக் குழந்தைங்களுக்குக் கூரை இல்ல. இந்தச் சமயத்துலதான் அலெக் வந்து வீடு தர்றேங்கிறான். டெஸ் அவன்கிட்ட ஏன் திரும்பிப் போனான்னு கேக்குறவங்க இந்தக் குத்தகைப் பத்திரத்தைத்தான் முதல்ல பாக்கணும்.

ஹார்டிக்கே இதை அப்படியே வெளியிட முடியல. 'த கிராஃபிக்' பத்திரிகையில தொடரா வந்தப்போ அலெக் பொய்க் கல்யாணம் பண்ணி ஏமாத்துனதா மாத்துனாரு, வெள்ளம் ஓடுற பாதையில ஏஞ்சல் பொண்ணுங்களைக் கையில தூக்கிட்டுப் போறது தப்புன்னு தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போறதா எழுத வேண்டியதாப் போச்சு!

1979ல ரோமன் போலான்ஸ்கி எடுத்த 'டெஸ்' ஏறத்தாழ மூணு மணி நேரம், நஸ்டாசியா கின்ஸ்கி. ஒளிப்பதிவு, கலை, உடைன்னு மூணு ஆஸ்கர். அமெரிக்காவுல மைனர் பொண்ணு சம்பந்தப்பட்ட வழக்குல குற்றத்தை ஒத்துக்கிட்டு தண்டனைக்கு முன்னாடி 1978ல தப்பி ஓடுனவரு அவரு, இங்கிலாந்து போனா புடிச்சு அனுப்பிடுவாங்கன்னு படத்தை ஃபிரான்ஸ்லயே எடுத்தாரு, ஸ்டோன்ஹெஞ்சைக்கூட அங்க செட் போட்டாங்க. இந்தக் கதையை இந்த ஆள் எடுத்தாருங்கிறது நெருடுற விஷயம்தான், அதை ஒதுக்கி வச்சுட்டுப் பாக்க முடியாதவங்க மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா வேலையை, அதாவது சேறு, கதிரடிக்கிற மெஷின், பால் பண்ணையோட தினசரி உழைப்பு இதையெல்லாம் நின்னு நிதானமா காட்டுன படம் அது. 2008ல ஜெம்மா ஆர்டர்டன் நடிச்ச நாலு எபிசோட் பிபிசி சீரிஸும் இருக்கு.

ஏமாத்திப் பிழைச்சவங்க

எல்லாரும் அழுதுக்கிட்டு இல்ல. டீஃபோவோட மால் ஃப்ளாண்டர்ஸ் (1722) நியூகேட் ஜெயில்ல பிறந்து, பல கல்யாணம், திருட்டுன்னு போய், இப்ப என் கையில இவ்ளோ இருக்குன்னு அப்பப்ப நமக்கே கணக்கு சொல்லுவா. 1996 டிவி சீரிஸ்ல அலெக்ஸ் கிங்ஸ்டன் நேரா கேமராவைப் பாத்தே பேசுனது அதனாலதான் பொருத்தமா இருந்துச்சு.

தாக்கரேயோட 'வேனிட்டி ஃபேர்' பெக்கி ஷார்ப் இன்னும் கில்லாடி, வருஷம் அஞ்சாயிரம் இருந்தா நானும் நல்லவளா இருப்பேனேன்னு யோசிக்கிறவ. வாட்டர்லூ போர் நேரத்துல பிரஸ்ஸல்ஸ்ல எல்லாரும் பயந்து ஓட, இவ குதிரையை ஜாஸ் செட்லிகிட்ட கொள்ளை விலைக்கு வித்துட்டு உக்காந்திருப்பா. மீரா நாயர் 2004ல எடுத்தப்போ பெக்கியை இந்தியாவுக்கு யானை மேல அனுப்பி முடிச்சாங்க, கலர்ஃபுல்லா இருந்துச்சு, ஆனா தாக்கரே கல்கத்தாவுல பிறந்தவருங்கிற சம்பந்தம் இருந்தாலும் பெக்கியோட பல்லைப் புடுங்கிட்ட மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு.

சட்டம் மாறுன ஊருக்குக் கதை வந்தா

இந்தக் கதைகளை வேற காலத்துக்கு, வேற ஊருக்குக் கொண்டு வரும்போதுதான் கணக்கோட அருமை தெரியும். மைக்கேல் வின்டர்பாட்டம் 2011ல டெஸ்ஸை ராஜஸ்தானுக்குக் கொண்டு வந்து 'த்ரிஷ்னா'ன்னு எடுத்தாரு, ஃப்ரீடா பின்டோ. ஏஞ்சல், அலெக் ரெண்டு பேரையும் ஒரே ஆளா ஆக்கிட்டாரு. விட்டுட்டுப் போற புருஷன் இல்ல, அதனால கிழங்குக் காடு இல்ல, குத்தகை முடிஞ்சு நடுத்தெருவுக்கு வர்ற நாளும் இல்ல. மிஞ்சுறது ஒரு பணக்காரப் பையனோட கொடுமை மட்டும்தான், இவ ஏன் கிளம்பிப் போகலங்கிற கேள்வி படம் முழுக்க உறுத்திக்கிட்டே இருக்கும்.

ராஜீவ் மேனனோட 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை எடுத்துக்கிட்டு இந்த இடத்தைக் கவனமா யோசிச்சிருக்கு. தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்கும் பையனுக்குச் சமமா பங்குன்னு 1989லயே திருத்தம் வந்தாச்சு, என்டெயில்னு சொன்னா தியேட்டர்ல யாருக்கும் புரியாது. அதனால தாத்தா எழுதுன உயில்னு வச்சாங்க, அது இன்னைக்கும் எந்த வீட்டுலயும் நடக்கக்கூடியது. செட்டிநாட்டு வீட்டை விட்டுட்டு அம்மாவும் மூணு பொண்ணுங்களும் மெட்ராஸ் வர்றாங்க. இதுக்கு மேல ஆஸ்டன் கதை அப்படியே போக முடியாது, ஏன்னா இங்க வேலை இருக்கு. ஐஸ்வர்யா ராய் பின்னணிப் பாடகி ஆகுறாங்க. தபு இன்டர்வியூ இன்டர்வியூவா அலைஞ்சு, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில போன் எடுக்குற வேலையில சேந்து, அங்கிருந்து ப்ரோக்ராமர் ஆகுறாங்க.

காதலன் அஜித் வரலன்னாலும் தபுவுக்கு மாசாமாசம் சம்பளம் வந்துடும், வீட்டு வாடகை கட்டிடலாம். அதனால கடைசியில அஜித்துக்காக அவங்க காத்திருக்குறது மனசு சம்பந்தப்பட்ட விஷயமா மட்டும் ஆயிடுது. டெவன்ஷயர்ல செலவு நோட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்த எலினாருக்கு, எட்வர்ட் வரலன்னா அடுத்த நாற்பது வருஷத்துக்கும் அதே 500ல பங்குதான்.